பெட்டி தூக்கும் உடம்பு

வேப்பனூத்துக்காரர்களுக்கு மாசிப் பச்சைதான் திருவிழா. தீபாவளி, பொங்கலுக்கு வராதவன்கூட அதற்கு வந்துவிடுவான். சிவராத்திரி அன்று சாயங்காலம், ஊர் நடுவில் இருக்கிற பெட்டி வீட்டிலிருந்து சாமிப் பெட்டி கிளம்பும். பழைய மரப்பெட்டி. உள்ளே சாமியின் பட்டு, சலங்கை, வெண்கல மணி, பூசைச் சாமான்கள். பங்காளிகளில் ஒருவர் அதைத் தலையில் ஏற்றி, செருப்பில்லாமல், எட்டுக் கிலோமீட்டர் தள்ளிக் கண்மாய்க் கரையில் இருக்கிற கோயிலுக்கு நடந்தே கொண்டுபோக வேண்டும். மறுநாள் அதேபோல் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழியில் பெட்டி தரையைத் தொடக் கூடாது. தலை மாறவும் கூடாது. ஒருவர் தலைக்குப் பெட்டி வந்துவிட்டால், அவருக்கு முடியாமல் போகிறவரை அது அவருடையதுதான்.

சின்னச்சாமி இருபது வருசத்துக்கு மேல் தூக்கினார். நடந்து நடந்தே மூட்டுத் தேய்ந்த மனிதர். போன ஐப்பசியில் வலது முழங்காலை அறுத்து மாற்று மூட்டு வைத்தார்கள். அடுத்த தலைமுறையில் மூத்தவன் யாரோ அவன்தான் தூக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த மூத்தவன், அவருடைய தம்பி மகன் முத்திருளன்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள், கே.கே. நகரில் உள்ள இன்சூரன்ஸ் ஆபீஸில் முத்திருளன் நாலு மணி டீயோடு இரண்டாவது வடையைத் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"டேய் இருளா, பங்காளிக எல்லாம் பேசியாச்சு. இனி உன் தலைதான்டா."

"சரி பெரியப்பா."

போனை வைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர் நாற்காலியில் இருந்த செல்வக்குமார் பயந்துபோய், "என்ன மாப்ள, யாருக்கும் எதுவுமா?" என்றான்.

"இல்ல மாப்ள. சாமிப் பெட்டி என் தலைக்கு வருது."

செல்வக்குமார் அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தான். "எம்புட்டு தூரம்?"

"எட்டு கிலோமீட்டர்."

"லிஃப்ட் வேலை செய்யலன்னா நீ கீழ நின்னு மேனேஜருக்கு போன் போடுற ஆளு மாப்ள."

முத்திருளன் சிரித்துக்கொண்டான். ஆனால் போன வருசத்து நினைப்பு உள்ளே குத்தியது. போன மாசிப் பச்சைக்குப் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவன், பாதி வழியில் மூச்சு முட்டி மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா மகன் கருப்பு வந்து அவனைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். கோயில் வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சாமி நடந்து வருது. ஆபீஸரு வண்டியில வாராரு."

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன். பசுமலையில் இருக்கிற கல்லூரிக்குத் தினம் இரண்டு பஸ் மாறிப் போய் பி.காம் முடித்தவன். அப்போது ஐம்பத்திரண்டு கிலோ இருந்தான். பட்டமளிப்பு அங்கியில் எடுத்த போட்டோவில் கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருக்கும். அம்மா சீனியம்மாளுக்கு அந்தப் போட்டோ என்றாலே ஆகாது. "பஞ்சத்துல அடிபட்டவன் கணக்கா இருக்கு" என்று கழற்றிவிட்டு, வேலைக்குப் போய் நாலு வருசம் கழித்து எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினாள். அதில் கன்னம் இரண்டும் உப்பி, சட்டைப் பொத்தான் இழுபட்டு, பார்க்க நிறைவாக இருந்தான். ஊரில் யார் வந்தாலும் அந்தப் போட்டோவைத்தான் காட்டினாள். படித்ததற்கான பலன் உடம்பில் தெரிய வேண்டும் என்பது அவள் கணக்கு. ஊர்க்கணக்கும் அதுதான். ஊருக்குப் போகிறபோதெல்லாம், "இப்பத்தான்யா ஆபீஸர் மாதிரி இருக்க" என்று நாலு பேராவது சொல்லாமல் விடமாட்டார்கள். அதைக் கேட்க அவனுக்கும் பிடித்திருந்தது.

அந்த உடம்பு ஒரே நாளில் வந்ததல்ல. மற்றவர்களின் ஆஸ்பத்திரி பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பான். ஒத்தக்கடையில் வீடு, ஆபீஸ் வாசல்வரை பைக். ஊரில் இருந்தவரை நடை ஒரு வேலையாகவே தெரியவில்லை. பஸ்ஸுக்கு, கிணற்றுக்கு, கடைக்கு என்று எல்லாவற்றுக்கும் நடைதான். நகரத்தில் நடக்க வேண்டிய காரியம் எதுவுமே இல்லை. ஆனால் வயிறு மட்டும் பழைய வயிறாகவே இருந்தது. மம்பட்டி பிடிக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்குச் சோறு என்றால் கும்பமாகத்தான் வைக்கத் தெரியும். அதோடு சர்க்கரை தூக்கலாய் நாலு டீ, டீக்கு வடை. வீடு திரும்பும் வழியில் புரோட்டாக் கடை கல்லில் சத்தம் கேட்டால் வண்டி தானாக நிற்கும். நாலு புரோட்டா, மேலே சால்னா, ஒரு ஆம்லெட். வீட்டில் சுபலட்சுமி சமைத்ததை வீணாக்கக் கூடாது என்று அதையும் சாப்பிடுவான். பிறகு படுத்துக்கொண்டு வெகுநேரம் செல்போன். தூக்கம் ஐந்து மணி நேரம் வந்தால் அதிகம். முப்பத்தாறு வயதில் நூற்றெட்டுக் கிலோ.

பெட்டி விஷயத்தைக் கேட்டதும் சுபலட்சுமி சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தான். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கேட்டுவிட்டு, "சரி. சனிக்கிழமை லீவுதானே, டாக்டர்கிட்ட போயிட்டு வருவோம்" என்றாள்.

"எனக்கென்ன நோயா?"

"தெரியலங்க. தெரிஞ்சுக்கத்தான்."

கே.கே. நகரிலேயே டாக்டர் ஹெப்சிபாவின் கிளினிக் இருந்தது. ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, இடுப்புச் சுற்றளவும் கழுத்துச் சுற்றளவும் அளந்தார்கள். கழுத்தை எதற்கு அளக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. சுபலட்சுமி தன் செல்போனை எடுத்து மேஜை மேல் வைத்து ஒரு பதிவை ஓடவிட்டாள்.

முதலில் குறட்டை. அறுவை மில் ஓடுகிற மாதிரி. டாக்டர் முகம் மாறவில்லை. பிறகு குறட்டை நின்றது. ஒன்றுமே இல்லை. சுவர்க்கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் ஒன்றுமில்லை. முத்திருளன் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கடைசியில், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவன் போல ஒரு இழுப்பு. மறுபடியும் குறட்டை.

"இது நானா?" என்றான்.

"இப்படித்தான் ராத்திரி பூரா. நின்னுச்சுன்னா நான் தோளைத் தட்டுவேன். எனக்கும் தூக்கம் போச்சு டாக்டர்."

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று நாற்பத்தெட்டு. மூன்று மாத சராசரியும் கூடுதல். பிரஷர் நூற்று அறுபது, நூறு. ஈரலில் கொழுப்பு. இந்தச் சொற்களை எல்லாம் அவன் தினமும் பார்க்கிறவன். அடுத்தவர் பெயருக்குக் கீழே பார்த்துப் பழகியவை, தன் பெயருக்குக் கீழே வேறு மாதிரி இருந்தன.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"மாரடைப்பு. அம்பத்தஞ்சு வயசுல. ஆனா அவர் ஒல்லிதான் டாக்டர்."

"சர்க்கரை பாத்திருந்தீங்களா?"

பார்த்ததில்லை. அவர் காலத்தில் யார் பார்த்தார்கள்?

"நம்ம ஊர் உடம்புக்குக் கொழுப்பு வயித்துலதான் மொதல்ல சேரும். வெளிய தொங்குறது பாதி, உள்ள ஈரலையும் குடலையும் சுத்திப் படியிறது பாதி. அது சும்மா இருக்காது. நீங்க சாப்பிடுற சர்க்கரையை உடம்பு எடுத்துக்க விடாது, ரத்தக் குழாயை இறுக்கும். கழுத்துல சேர்ந்தது படுத்தா மூச்சுக் குழாயை அமுக்குது. தூக்கம் கெட்டா மறுநாள் பசி கூடும், திரும்ப எடை கூடும். வாய்க்கட்டுப்பாடு இல்லன்னு மட்டும் உங்களைத் திட்ட மாட்டேன். அப்பா வழியில கொஞ்சம், நாற்காலி கொஞ்சம், தூக்கம் கொஞ்சம், எல்லாம் சேர்ந்து வந்தது."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். "மாசிப் பச்சைக்கு ஒரு பெட்டி தூக்கணும் டாக்டர். இருபது கிலோ இருக்கும். எட்டு கிலோமீட்டர்."

"எப்ப?"

"அடுத்த மாசம்."

டாக்டர் ஹெப்சிபா பேனாவை மூடினார். "நீங்க ஏற்கெனவே ரெண்டு பெட்டி சுமந்துக்கிட்டுத்தான் என் மாடிப்படி ஏறி வந்தீங்க. மூணாவதா ஒண்ணு வேணுமா?"

இந்த வருசம் கூடாது என்றார். மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், சோற்றைப் பாதியாக்கிக் காயைக் கூட்ட வேண்டும். எட்டு, பத்துக் கிலோ குறைந்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்கும், அதற்கு ஆறு மாதமாவது ஆகும் என்றார். தூக்கத்தைச் சோதிக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்றார். சர்க்கரைக்காரன் காலில் முள் குத்தினால் தெரியாமலே புண்ணாகிவிடுமாம்.

வீட்டுக்கு வந்து முத்திருளன் ஒரு முடிவுக்கு வந்தான். டாக்டருக்கு விரதம் என்றால் என்னவென்று தெரியாது. பெட்டி தூக்குகிறவன் எப்படியும் விரதம் இருக்க வேண்டும். பதினைந்து நாள் கறி, முட்டை, புரோட்டா எதுவும் கிடையாது, சோறு ஒரே வேளை. அதில் இறங்காத உடம்பா?

விரதம் ஆரம்பித்தது. ஒரு வேளைச் சோறு என்பதால் அந்த ஒரு வேளை இலை நிறைய இருந்தது. சாம்பார், ரசம், கூட்டு, அப்பளம், வடை, பாயசம். காலையில் சோறு கூடாது, ஆகவே ஆறு இட்லி. சாயங்காலம் சோறு கூடாது, ஆகவே நெய் விட்டு ரவை உப்புமா. படுக்கும் முன்னால் பாலும் பழமும். இந்த நேரம் பார்த்துச் சீனியம்மாள் ஊரிலிருந்து இரண்டு பையோடு வந்து இறங்கினாள். உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி, நெய்.

"பெட்டி தூக்குறவனுக்குத் தெம்பு வேணும்ல. உளுந்தங்களி கிண்டித் தாரேன். இடுப்பு இரும்பாயிரும்."

"அத்தை, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள் சுபலட்சுமி.

"அவுக ஊர்ல பெட்டி இருக்கா? வத்தலா இருக்கிறவன் தலையில எப்படிச் சாமி உக்காரும்? நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா ஆத்தா."

களி கிண்டியாயிற்று. கிண்டிய கையை மறுக்க முடியாது. விரதத்தின் பாதியில் முத்திருளன் எடை மெஷினில் ஏறினான். நூற்றுப் பத்து. மெஷின் சரியில்லை என்று ஒருதரம் தள்ளி வைத்துப் பார்த்தான். அங்கேயும் நூற்றுப் பத்துதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையில் கொஞ்சம் எடுத்துக் குறைத்து, துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான். தெரிந்துகொள்ளத்தான். ஆனைமலைப் பக்கமாகப் போகிற ரோட்டில் அவன் முன்னால், சுபலட்சுமி ஸ்கூட்டியில் பின்னால். எதிரே வந்த பால்காரர், "என்ன சார், ரேஷன் அரிசியா? வண்டியிலயே வச்சுக் கொண்டாரலாம்ல" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் வளைவுவரை சாமி துணையிருந்தது. அப்புறம் கால் மட்டும் தனியாக நடந்தது. நெஞ்சு ஒரு பக்கம் ஓட, மூச்சு ஒரு பக்கம் ஓட, கண்முன்னே கறுப்புப் புள்ளிகள் பறந்தன. ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. பாலத்துச் சுவரோரம் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ஒரு நாய் வந்து மூட்டையை மோந்துவிட்டுப் போனது. சுபலட்சுமி மூட்டையை இழுத்து ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் கிடத்தினாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

அவன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான்.

"எத்தனை நாளா போடல?"

"விரதத்துல அதெல்லாம் சேராதுன்னு நெனச்சேன்."

அவள் பாட்டிலை வாங்கி ஸ்கூட்டியில் வைத்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தான். குரலில் கோபம் இல்லை.

"ஒண்ணு கேக்குறேன். இன்னிக்கு மூட்டையைக் கீழ போட்டீங்க, நாய் மோந்துச்சு. அன்னிக்குப் பெட்டியைப் போட்டா?"

அதுவரை அவன் தன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். தன் தலை, தன் மானம், ஊரார் பேச்சு. பெட்டி கீழே விழுவதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. விழுந்தால் அது அவனோடு போகாது. பங்காளி வகையறா மொத்தமும் தண்டம் கட்ட வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும், அந்த வருசம் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அதன் மேல்தான் பழி போடுவார்கள். கருப்பின் பொண்டாட்டி வேறு ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

காப்புக் கட்டுகிற அன்று பெட்டி வீட்டில் பங்காளிகள் கூடினார்கள். காப்புக் கட்டிவிட்டால் பின்வாங்க முடியாது. சின்னச்சாமி ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூசாரி மஞ்சள் கயிறை எடுத்து, "கையை நீட்டுப்பா" என்றார்.

முத்திருளன் கையை நீட்டவில்லை.

"பெரியப்பா, என்னால முடியாது."

"என்னடா சொல்ற?"

"நூத்திப்பத்து கிலோ இருக்கேன். சக்கரை இருக்கு. பிரஷர் இருக்கு. தூங்குறப்ப மூச்சு நின்னு நின்னு வருது. அரிசி மூட்டையைத் தூக்கி நடந்து பாத்தேன், ஒரு கிலோமீட்டர் தாண்ட முடியல. பெட்டி என் தலையில இருந்து விழுந்தா நம்ம எல்லாருக்கும்தான் குத்தம்."

அந்த ஊரில் வியாதியைச் சபையில் சொல்கிற பழக்கம் கிடையாது. சர்க்கரை இருக்கிறவன்கூட, "லேசா இனிப்பு" என்றுதான் சொல்வான். சுவர் ஓரமாக நின்ற சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், "உக்காந்து தின்னா அப்படித்தான்" என்றார்.

"நீங்க மட்டும் நின்னுக்கிட்டா திங்கிறீக? போன வருசம் எனக்கு இலையில மூணு தடவை கறி போட்டது நீங்கதான் தாத்தா. வேணாம்னதுக்குக் கோவிச்சுக்கிட்டீகளே."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கிழவரும் சிரித்துவிட்டார். சின்னச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

"இருளா, இப்ப விட்டா திரும்ப வராது. இளையவன் தலைக்குப் போனது அவனுக்கு முடியாமப் போற வரைக்கும் அவனுக்குத்தான். தெரியும்ல?"

"தெரியும் பெரியப்பா."

"அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"வருத்தம் இருக்கத்தான் செய்யும்."

பூசாரி கயிற்றோடு சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் கருப்பைப் பார்த்தார்கள். மினி லாரி ஓட்டுகிற கருப்பு, ஒரு மூட்டைக்கு ஒரு மூச்சு என்று சுமை ஏற்றுகிறவன். அவன் முத்திருளனைப் பார்த்து, "அண்ணே, நெசமாத்தானா?" என்று கேட்டான். முத்திருளன் தலையசைத்த பிறகுதான் கருப்பு கையை நீட்டினான்.

அன்று வெளியே வந்ததும் சீனியம்மாள் மகனைப் பார்க்காமல் முன்னால் நடந்துவிட்டாள். அவன் பஸ் ஏறுகிற நேரத்தில்தான் கேட்டாள்: "நான்தான் ஊட்டி ஊட்டிக் கெடுத்தேனாய்யா?"

"நீ மட்டும் இல்லம்மா. நல்லா இருக்கேன்னு சொன்ன எல்லாரும்தான். நானும்தான்."

சிவராத்திரி சாயங்காலம் கொட்டுச் சத்தத்தோடு பெட்டி கிளம்பியது. கருப்பின் தலையில் ஏற்றிவிட்ட கைகளில் முத்திருளன் கையும் ஒன்று. கருப்பு கழுத்தை ஒருமுறை அசைத்துச் சரிபண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். எல்லோரும் வெறுங்கால். முத்திருளன் மட்டும் கான்வாஸ் ஷூ. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, "படிச்ச கால்" என்று சொன்னது காதில் விழுந்தது. அவன் கழற்றவில்லை. காலையில் மாத்திரையும் போட்டிருந்தான்.

பெட்டி வேகமாகப் போய்விட்டது. போன வருசம் உட்கார்ந்த மைல்கல்லில் இந்த வருசமும் உட்கார்ந்தான். மூச்சு அடங்கியதும் எழுந்தான். அடுத்து ஒரு புளியமரத்தடி, அடுத்து ஒரு பம்ப்செட் தொட்டி. பைக்குகள் நின்று நின்று கேட்டன. "ஏறுங்கண்ணே." கையை ஆட்டி அனுப்பினான். பெரிய வைராக்கியம் எதுவும் இல்லை. அடுத்த நிழல் வரை போகலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தான். நிழல்கள் தீர்ந்து, இருட்டி, கண்மாய்க் கரையில் விளக்கு தெரிந்தபோது பெட்டி இறங்கி வெகுநேரமாகிவிட்டது.

ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான். கருப்பு ஒரு தூணில் சாய்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நடந்தா வந்தீக?"

"உக்காந்து உக்காந்து வந்தேன்."

"பெட்டி என்னா கனங்கறீக. கழுத்து இறங்கிப்போச்சு."

முத்திருளன் அவன் பின்னால் உட்கார்ந்து பிடரியை அழுத்திவிட ஆரம்பித்தான். சீனியம்மாள் தட்டில் பொங்கல் கொண்டுவந்தாள். மகன் முன்னால் வைத்தவள் நின்று யோசித்து, அதில் பாதியை எடுத்துக் கருப்பின் தட்டில் வைத்தாள். முகம் இன்னும் தெளியவில்லை.

"காலு வலிக்குதாய்யா?"

"வலிக்குதும்மா."

"வண்டியில வந்திருக்கலாம்ல."

முத்திருளன் கருப்பின் பக்கம் குனிந்து, "நாளைக்குப் பெட்டி எப்ப திரும்புது?" என்று கேட்டான்.

"விடியக் கிளம்பிருவோம். ஏன், உங்களுக்கு வண்டி சொல்லணுமா?"

"வேணாம். நான் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புறேன். வழியில எங்கயாச்சும் என்னைத் தாண்டிப் போங்க."